கேட்டவர் கையொப்பம்

என் வேலை என்னவென்று சொன்னால் எதிரே நிற்பவர் ஒரு அடி பின்னால் போவார். இத்தனை வருடத்தில் இரண்டு அடி போனவர்களும் உண்டு. அதனால் வெளியாட்களிடம் நான் பொதுவாக எதையும் சொல்வதில்லை.

பெயர் தொம்மை. வயது ஐம்பத்திரண்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டி இருக்கும் ஒரு முதியோர் மருத்துவமனையில் பிணவறைப் பொறுப்பாளர். இறந்தவரைக் குளிப்பாட்டுவது, தலைவாரிவிடுவது, தாடை கட்டுவது, துணி உடுத்தி அனுப்புவது எல்லாம் என் கைவேலை. பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளிலும் காப்பி வருவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. நான்காவது வீட்டுக்கு நான் போகவில்லை. வீட்டில் என்னோடு பேசுவது வானொலி மட்டும்தான், அதுவும் நான் பதில் சொல்வதற்காகக் காத்திருப்பதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் காதுப்பெட்டி வந்தது. அரசாங்கத் தாள்களில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு. நாங்கள் காதுப்பெட்டி என்போம். மனிதன் கடைசியாகக் கேட்ட ஓசை, அவன் போன பிறகும் சில மணி நேரம் மூளையில் தங்கியிருக்குமாம். காதுக்குப் பின்னால் இரண்டு மெல்லிய கம்பிகளைப் பொருத்தினால் போதும். பெட்டி அந்தக் கடைசி ஒரு நிமிடத்தை எடுத்து ஒலிபெருக்கியில் தந்துவிடும். கொடுமைப்படுத்திக் கொன்றவர்களைப் பிடிப்பதற்காகக் கொண்டுவந்த சட்டம் அது. ஒவ்வொரு உடலுக்கும் அந்த ஒரு நிமிடத்தை உறவினர் ஒருவர் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் உடலைக் கொடுக்கலாம்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் ஆறே மாதத்தில் ஊர் மாறிவிட்டது. கிழவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நின்று யார் என்ன பேசினார்கள் என்று வழக்குகள் வந்தன. “இன்னும் எத்தனை நாளைக்கு இழுக்குமோ” என்று அலுத்துக்கொண்ட மருமகளை ஊரே ஒதுக்கிவைத்தது. ஒரு மகன் எழுதிவைத்த தாளைப் பார்த்து, “அப்பா, என்னை மன்னிச்சிருங்க, அடுத்த வரி எங்க இருக்கு?” என்று வாசித்ததை என் காதாலேயே கேட்டேன். பிறகு எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். எங்கள் மருத்துவமனை ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏழாம் வார்டில், அதாவது இனி பிழைக்க மாட்டார்கள் என்று வைத்திருக்கும் வார்டில், ஊழியர் யாரும் வாய் திறந்து பேசக் கூடாது. கையால் சைகை காட்டலாம்.

உறவு என்று யாரும் வராத உடல்களுக்கு நான்தான் கேட்க வேண்டும். கேட்டு, தாளின் கீழே ‘கேட்டவர் கையொப்பம்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி நான் கேட்டதெல்லாம் என்ன? கருவியின் பீப் ஒலி, விசிறிச் சத்தம், யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கும் ஓசை. எண்பது வருடம் வாழ்ந்த மனிதனுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு மின்விசிறி. எனக்கு அது பொறுக்காது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் ஆவுடையப்பன் என்ற பழைய லாரி ஓட்டுநரின் உடல் வந்தது. சொந்தம் யாருமில்லை. கம்பியைப் பொருத்திவிட்டு, விசிறிச் சத்தத்துக்குக் காதைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் குரல் கேட்டது.

“இந்தாங்க, ஒரு வாய். மெள்ள, மெள்ள. ஆங், அவ்வளவுதான். முடிஞ்சுது.”

பிறகு ஒன்றுமில்லை.

நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். பயத்தினாலா, ஒரு மனிதக் குரலைக் கேட்ட சந்தோஷத்தினாலா என்று கேட்டால் இரண்டும்தான். தண்ணீர் கொடுத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அந்த நிமிடத்தை அழிப்பதற்கு முன் இன்னும் இரண்டு தடவை கேட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வைகாசியில் சொர்ணத்தாய். அவருக்கும் யாருமில்லை. அதே குரல். “குடிங்க ஆச்சி, ஒரே ஒரு சொட்டு. யாருக்கும் தெரியாது.” அதன் பின் அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் ஆச்சி போய்விட்டார்.

யாருக்கும் தெரியாது என்றால் என்ன அர்த்தம்? அன்று சாப்பாடு இறங்கவில்லை. ‘ஐயம் உண்டு’ என்று ஒரு பொத்தான் பெட்டியில் இருக்கிறது. அழுத்தினால் விசாரணை வரும். விரலை அதன் மேல் வைத்தேன், எடுத்தேன். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு கொலைகாரியின் குரலுக்காகக் காத்திருக்கும் பிணவறைக்காரன்! என் பிழைப்பு இப்படியாகிவிட்டதே என்று எனக்கே சிரிப்பாக இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சுடலைமுத்து வந்தார். எழுபத்தெட்டு வயது, ஐம்பது வருடம் உப்பளத்தில் கூலி வேலை, இருதய நோயாளி. அதே குரல், அதே “இந்தாங்க, ஒரு வாய்.” பிறகு நிசப்தம். அன்று வழக்கமான சோதனைக்கு வந்த மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார்.

“வாயெல்லாம் ஒரே உப்பு, தொம்மை. கடல் தண்ணியைவிடக் கடுமையான உப்பு. இருதயம் கெட்ட ஆளுக்கு இதைக் கொடுத்தா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியாது?”

மூன்று பேர், ஒரே குரல், மூவர் வாயிலும் ஏதோ ஒன்று. இனியும் கைகட்டி உட்கார முடியாது. கேட்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொத்தானை அழுத்தினேன். வியாழக்கிழமை விசாரணை என்று உடனே பதில் வந்தது. சுடலைமுத்துவின் உடலை விசாரணை முடியும்வரை குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னார்கள்.

பொத்தானை அழுத்திய பிறகுதான் எனக்கு அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முன்பே தோன்றியிருக்க வேண்டும். புத்தி எப்போதும் எனக்கு ஒரு பஸ் தாமதமாகத்தான் வரும்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஏழாம் வார்டுக்கு ஏறினேன். வாசலில் செவிலி ஒருத்தி என்ன வேண்டும் என்று கையால் கேட்டாள். நான் கையால் என்ன சொல்வது? கொலைகாரியைத் தேடுகிறேன் என்பதற்கு என்ன சைகை? வெறுமனே தலையாட்டினேன். அப்போது தாழ்வாரத்தின் கோடியிலிருந்து சத்தம் வந்தது.

“ஏ மூதி, போ அங்கிட்டு! நோயாளிக்கு வச்ச மீனு ஒனக்குக் கேக்குதோ?”

ஒரு பூனை என் காலுக்கிடையில் பாய்ந்து ஓடியது. அதே குரல்தான்.

உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சீருடையில் இசக்கியம்மாள் என்று பெயர் குத்தியிருந்தது. என்னைப் பார்த்ததும், “புதுசா இருக்கிய. சாப்பிட்டியளா அண்ணாச்சி?” என்றாள்.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு எத்தனை வருடம்! ஆனாலும் விடக் கூடாது என்று குரலைக் கெட்டியாக்கிக்கொண்டேன்.

“நான் பதிவேட்டுப் பிரிவு. இங்க பேசக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே, தெரியுமா?”

“பூனைக்கிட்டப் பேசலாம்லா? அதைப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலையே.” சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நல்ல நேரத்துல வந்திய. ஒரு கை குறையுது. வாங்க.”

நான்காம் கட்டிலில் ஒரு பெரியவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பெயர் ஞானப்பழம். இசக்கியம்மாள் அவர் காதருகே குனிந்து, “சார்வாள், தயார் பண்ணிட்டேன்” என்றாள். வண்டியின் அடித்தட்டிலிருந்து செடிக்கு ஊற்றும் பூவாளியை எடுத்தாள். என் கையில் இரண்டு எவர்சில்வர் தட்டு மூடிகளைத் திணித்தாள்.

“இது எதுக்கு?”

“இடி இடிங்க.”

“என்னது?”

“சார்வாளுக்கு மழையில நனையணுமாம். வாத்தியார் வேலை பாத்த காலமெல்லாம் குடையோடயே நடந்துட்டாவளாம், ஒரு தடவை கூட நனையலையாம். இடியில்லாத மழை என்ன மழை? இடிங்க அண்ணாச்சி!”

பேசவே கூடாத வார்டில் நான் இரண்டு மூடிகளையும் மோதினேன். முதல் இடி பயந்த இடியாக விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் நன்றாக வந்தது. அவள் பூவாளியை உயர்த்தி அவர் முகத்தில் மெல்லத் தூவினாள். ஞானப்பழம் கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டி மழையைப் பிடித்தார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, “இங்கயும் ரெண்டு தூறல் போடு” என்றார். செவிலி ஓடிவந்து, சுற்றறிக்கையை ஒரு கணம் யோசித்து, திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

இசக்கியம்மாள் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்ததும் நான் கேட்டேன். “சுடலைமுத்துவுக்கு என்ன கொடுத்த?”

அவள் ஒளிக்கவில்லை. “எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தருக்கு உசிரு போகாம இழுத்துக்கிட்டே கெடந்தா என்ன செய்வாவ? ஏதோ ஆசை பாக்கி இருக்குன்னு சொல்லி, அவுக நெலத்து மண்ணைக் கரைச்சு ஒரு சொட்டு வாயில ஊத்துவாவல்லா? உங்களுக்குத் தெரியாதா? அந்த ஐயாவுக்கு ஏது நெலம்? ஐம்பது வருசமும் அடுத்தவன் உப்பளம். எட்டு நாளாக் கண்ணு மூடாம கெடந்தாவ. கேட்டேன், உப்புப் பாத்தித் தண்ணின்னாவ. போயி ஒரு குப்பியில எடுத்தாந்து, பஞ்சுல தொட்டு நாக்குல வச்சேன். ஒரு சொட்டுதான் அண்ணாச்சி.”

“ஆவுடையப்பன்?”

“கயத்தாறு ரோட்டோரத்து டீ. பஸ்ஸுல போயி பிளாஸ்க்குல வாங்கியாந்தேன்.”

“சொர்ணத்தாய் ஆச்சி?”

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். “பிராந்தி. புருசன் அதுல என்னத்தைக் கண்டாருன்னு அறுபது வருசமா யோசனையாம். நாக்குல பட்டதும், ‘ச்சீ, இதுக்கா இந்த மனுசன் வீட்டை வித்தாரு’ன்னு கேக்குத மாதிரி முகத்தைச் சுளிச்சாவ பாருங்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.”

நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. மண் கரைத்து ஊற்றுவது எனக்குத் தெரியாத வழக்கமா? என் சொந்தத் தாத்தாவுக்கே செய்தார்கள். வாயில் உப்பு என்றதும் எனக்கு விஷம்தான் ஞாபகம் வந்தது. அவளை மாட்டிவிட்டது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “சாப்பிட்டுட்டுப் போங்க” என்று அவள் தட்டை நீட்டினாள். மீன் குழம்பு. சொல்ல வாய் வரவில்லை, சாப்பிட்டேன்.

கீழே வந்து பொத்தானைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது. விசாரணையில் அவள் கொலைகாரி என்று முடிவானால் சிறை. அவ்வளவு போகாவிட்டாலும் வேலை போவது நிச்சயம். ஏழாம் வார்டில் மறுபடியும் விசிறிச் சத்தம்தான் மிஞ்சும்.

இரண்டு நாள் விதிப் புத்தகத்தைக் குடைந்தேன். பெட்டி உண்மையில் எடுப்பது ஐந்து நிமிடம். கம்பி பொருத்தும் எல்லோருக்கும் இது தெரியும். சட்டம் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் திறக்கவிடுகிறது. மற்ற நான்கு நிமிடத்தைத் திறக்க நெருங்கிய உறவினர் கோரிக்கை வைக்க வேண்டும். சுடலைமுத்துவுக்கு யார் உறவு? நாற்பத்தோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. உரிமை கோரப்படாத உடலுக்கு, கேட்டவர் கையொப்பம் இட்டவரே உறவினராகக் கொள்ளப்படுவார்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியானால் நான் கையெழுத்துப் போட்ட நானூற்றுச் சொச்சம் பேரும் சட்டப்படி என் சொந்தக்காரர்கள். ஒரு கல்யாண மண்டபமே கொள்ளாத சொந்தம்! அன்று வீட்டில் வானொலியை அணைத்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு சமைத்தேன்.

ஆனால் பயமும் இருந்தது. அந்த நான்கு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கதறியிருந்தால்? அவளுக்கு நானே குழி வெட்டியது போலாகும்.

வியாழன் காலை பதினொரு மணி. விசாரணை அலுவலர் செண்பகவல்லி வேலூர்ப் பக்கத்துக்காரர், கறாரான ஆள். எதிரே இசக்கியம்மாள் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“நீங்களுமா அண்ணாச்சி? பதிவேடு பாக்க வந்தியளா?”

“இல்லம்மா. நான் பதிவேட்டுப் பிரிவு இல்ல. கீழே பிணவறையில இருக்கேன். உன்மேல ஐயம் எழுதுனதும் நான்தான்.”

அவள் என் கைகளையே பார்த்தாள். எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“இந்தம்மா குரலை இதுக்கு முன்னாடி பெட்டியில கேட்டிருக்கீங்களா?” என்றார் அலுவலர்.

“ரெண்டு தடவை, மேடம். எழுதாம விட்டேன்.”

“அது குற்றம்னு தெரியும்ல?”

“தெரியும். அதைத் தனியா எழுதிக்கிடுங்க. இப்ப நான் சுடலைமுத்துவோட உறவினரா வந்திருக்கேன்.” நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். “மீதி நாலு நிமிஷத்தையும் போட்டுக் கேக்கணும்.”

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

முதலில் மூச்சிரைப்பு. அப்புறம் கரகரப்பாக ஒரு ஆண் குரல். சுடலைமுத்து பேசினார். தான் பேசியதையும் அவர் காது கேட்டுத்தானே இருக்கும்.

“கொண்டாந்திட்டியா தாயி?”

“கொண்டாந்துட்டேன் ஐயா. மூணாம் பாத்தி. நீங்க சொன்ன எடம்தான். டாக்டர் உப்பு ஆகாதுங்காவளே, வேணுமா?”

“எட்டு நாளா எமனுக்கும் எனக்கும் இழுபறி. உப்பு வந்தா என்ன பண்ணும்? தா, தா. கொஞ்சம் இரு. ஒரு சந்தேகம். போனப்புறம் என்னை யாரு குளிப்பாட்டுவா? எனக்குத்தான் நாதியில்லையே.”

“அதைப் பத்திக் கவலையே படாதிய. கீழ ஒருத்தரு இருக்காரு. பேரு தெரியாது, முகத்தையும் பாத்ததில்ல. இந்தப் பெட்டியெல்லாம் வாரதுக்கு முன்னாடி, எங்க வீட்டுக்காரரை அவருதான் குளிப்பாட்டி அனுப்புனாரு. அந்த மனுசன் உசிரோட இருக்கையில கூட அவ்வளவு அழகா இருந்ததில்ல. நகத்தைக் கூட வெட்டிவிட்டிருந்தாரு ஐயா. பெத்த பிள்ளை கூடச் செய்யாது. இங்க இருக்கிற எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன், கீழ நமக்கு ஒரு ஆளு இருக்காருன்னு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை என்று நினைத்திருந்தேன். மேலே ஒரு வார்டு முழுக்க என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஆவுடையப்பனும் சொர்ணத்தாயும் என்னைத் தெரிந்துகொண்டேதான் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பெட்டியில் கிழவர் சிரித்தார். “அப்படியா? அப்ப அவன்ட்ட ஒண்ணு சொல்லு. மீசையை முறுக்கிவிடச் சொல்லு. இந்த ஆஸ்பத்திரிக்காரனுவ எலிவால் மாதிரித் தொங்கவிட்டுட்டானுவ.”

“நான் எப்படிய்யா சொல்ல? என்னைக் கீழ விடமாட்டாவல்லா.”

“அவன்தானே அந்தப் பெட்டியில கேப்பான்? நானே சொல்லிக்கிடுதேன். ஏலே! குளிப்பாட்டுதவனே! கேக்குதியாலே? ரெண்டு பக்கமும் முறுக்கிவிடணும், என்ன? பேருக்குச் செஞ்சிறாத. நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்!” இருமல் வந்தது. இருமலுக்கு நடுவிலும் சிரிப்புதான். “சரி தாயி, தா.”

“இந்தாங்க, ஒரு வாய்.”

பெட்டி நின்றது. அலுவலர் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“எங்கப்பா போன வருஷம் போனாரு. சுத்தி நாங்க ஆறு பேரு நின்னோம். ஏதாவது தப்பாப் பேசிருவோமோன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். ‘ஐயம் இல்லை’ என்று பெரிதாக எழுதினார். “அந்தச் சுற்றறிக்கையை எனக்கு அனுப்பச் சொல்லுங்க. அதுக்கு நான் ஒரு விசாரணை வைக்கிறேன். ஆமா, அந்த மீசை இப்ப எப்படி இருக்கு?”

“தெரியாம, படிய வாரிவிட்டுட்டேன், மேடம்.”

“பெரியவர் பாத்துக்கிட்டிருப்பேன்னு சொல்லியிருக்காருல்ல? போங்க முதல்ல.”

படி இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் வந்துகொண்டிருந்தாள். நான் நின்றேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கையை வீசி அதைத் தள்ளிவிட்டாள்.

“அதெல்லாம் அப்புறம் வச்சுக்கிடலாம். எங்க வீட்டுக்காரரு நகத்தை வெட்டிவிட்டது நீங்கதானா?”

“எல்லாருக்கும் வெட்டுவேன்மா.”

“தெரியும்,” என்றாள். ஒரு அடி கூடப் பின்னால் போகாமல் என்னோடு உள்ளே வந்தாள்.

குளிர்ப்பெட்டியை இழுத்தேன். விரல் நுனியில் தேங்காயெண்ணெய் தொட்டு, வலப்பக்கத்தை முறுக்கினேன், பிறகு இடப்பக்கத்தை. நாற்பது வருட மீசை, லேசில் மசியவில்லை. அவள் கால்மாட்டில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு அண்ணாச்சி. ஐயா ஏசுவாவ.”

சிரித்துக்கொண்டே அதையும் தூக்கிவிட்டேன்.